சோக் சுற்றுகிறவளின் வயிற்றெரிச்சல்

மோட்டார் ஓடினால் மோட்டாரைப் பாராட்டுவார்கள், நின்றால் எங்களைத் திட்டுவார்கள். சோக் சுற்றும் தொழில் இவ்வளவுதான்.

சோக் என்றதும் ட்யூப்லைட்டில் மாட்டுவதை நினைக்க வேண்டாம். எங்களுடையது ஓர் ஆள் தூக்க முடியாத இரும்பும் செம்பும். பெங்களூர் பீன்யாவில் ஒரு சந்துக்குள் இருக்கிறது எங்கள் கம்பெனி. மோட்டாரை வேகமாகவும் மெதுவாகவும் ஓட்டுவதற்கு டிரைவ் என்று ஒரு பெட்டி வைக்கிறார்கள். அதற்கு முன்னால் மாட்டுகிற சோக்கைத்தான் நாங்கள் செய்கிறோம். கம்பியில் கரண்ட் அலை அலையாக, ஏறி இறங்கி, அழகாகத்தான் வருகிறது. அந்தப் பெட்டிக்குள் இருக்கும் ரெக்டிஃபயருக்கு அழகெல்லாம் தெரியாது. அலையின் உச்சியில் மட்டும் லபக்கென்று விழுங்கும். மற்ற நேரம் வாயை மூடிக்கொள்ளும். அதனால் அலை கோணிப்போகிறது. அந்தக் கோணல் கரண்டுக்கு ஹார்மோனிக்ஸ் என்று பெயர். அதனால் ஒரு வேலையும் நடக்காது. வயர் சுடும், டிரான்ஸ்பார்மர் உறுமும், கப்பாசிட்டர் வெடிக்கும். மெஜஸ்டிக்கில் மெட்ரோ கதவு திறந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் முட்டுகிறார்களே, அந்த வாசலில் ஒரு பருமனான அம்மாள் நின்றால் எப்படி இருக்கும்? யாரையும் தடுக்க மாட்டார், ஆனால் யாரும் பாய்ந்து ஓடவும் முடியாது. அந்த அம்மாள்தான் சோக்.

நான் ஸ்ரீராம்புரம். எட்டாவதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. கல்யாணத்துக்கு முன்பிருந்தே செம்புக் கம்பி இழுத்த கை. எனக்கு வெகு நாள் பின்னால் வந்தவள் புஷ்பா. தங்கவயல்காரி, என்னைவிட நாலைந்து வயது இளையவள், பத்தாவது வரை கான்வென்ட், இங்கிலீஷ் தண்ணீர் மாதிரி வரும். இந்த வருடம் எங்கள் டெஸ்டிங் ரூமில் இருந்தவர் வேலையை விட்டுத் தும்கூருக்குப் போனார். நீங்கள் ரெண்டு பேரில் ஒருத்தரை அங்கே போடுகிறேன், ஆயுத பூஜை முடியட்டும் என்று முதலாளி சார் சொல்லிவிட்டார். கண்ணாடிக் கதவு போட்ட அறை அது. சுழலும் நாற்காலி ஒன்று. அலை எப்படி இருக்கிறது என்று காட்டும் திரை ஒன்று. எனக்கோ தோள் வலி, வலது கை காதுக்கு மேலே ஏறுவதில்லை. தலை வாரும்போது கையைத் தூக்க முடியாமல் தலையைச் சாய்க்கிறேன். டெஸ்டிங்கில் தோளுக்கு வேலை இல்லை. அதோடு, இத்தனை வருடம் சுற்றிய சோக் கரண்டுக்குள் போய் என்னதான் செய்கிறது என்று நான் ஒரு நாளும் கண்ணால் பார்த்ததில்லை. உங்கள் ஆபீசிலும் இப்படி ஒரு நாற்காலியும் ஒரு புஷ்பாவும் இருப்பார்கள். அதனால் உங்களிடம் கூச்சப்படாமல் சொல்லலாம்.

எண்ணெய் டின்

சோக்கின் இரும்புக் காலில் வேண்டுமென்றே ஒரு இடைவெளி விடுவோம். அதில் மஞ்சள் நிற ஃபைபர் தகடு வைத்து இறுக்குவோம். இடைவெளி இல்லாவிட்டால் லோடு ஏறும்போது இரும்பு நிரம்பிப்போய் சோக் தூங்கிவிடும். மாகடி ரோட்டில் மாவு மில் வைத்திருக்கும் ஒரு தமிழர், எங்கள் சோக்கை டெம்போவில் போட்டுக்கொண்டு திரும்பி வந்தார். முதலில் உம்மென்று சத்தம் போட்டதாம். அவர் வீட்டு எலக்ட்ரீஷியன் கழற்றிச் சரிசெய்தானாம். சத்தம் குறைந்தது, ஆனால் கப்பாசிட்டர் மறுபடி வெடித்ததாம். அவிழ்த்துப் பார்த்தால் மஞ்சள் தகடு ஒன்றுகூட இல்லை. அந்த இடத்தில் எண்ணெய் டின்னை வெட்டி, மடித்து, அழகாகச் செருகியிருந்தான். டின்னும் இரும்புதானே, இடைவெளி அடைபட்டுப்போனது. டின்னில் பாதி சூரியகாந்திப் பூ கூடத் தெரிந்தது.

நான் அவருக்குத் தமிழில் பொறுமையாகச் சொன்னேன். அவர் என்னைத் தாண்டி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு புஷ்பா கையைத் துடைத்துக்கொண்டு வந்து, நான் சொன்னதையே இங்கிலீஷில் சொன்னாள். ஏர் கேப் என்றாள், சாச்சுரேஷன் என்றாள். அவர் ஒவ்வொரு வார்த்தைக்கும் தலையாட்டினார், கடைசியில் கைகூட கூப்பினார். எனக்கு உள்ளே எரிந்தது. ஒரே சரக்கு, அவள் கடையில் மட்டும் வியாபாரம். டெம்போவில் ஏறப்போனவர் திரும்பி வந்து அவளிடம் ரகசியமாகக் கேட்டதைக் கேட்ட பிறகுதான் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கியது: "எல்லாம் சரிம்மா, இவ்ளோ பெரிய கம்பெனி, அந்த ஒரு ஓட்டைய அடைக்க உங்ககிட்ட இரும்பா இல்ல?"

மல்லேஸ்வரத்துக்குக் கார்

மல்லேஸ்வரத்தில் ஒரு அபார்ட்மெண்ட். லிஃப்டுக்கும் தண்ணீர் பம்புக்கும் டிரைவ் வைத்திருந்தார்கள். மாட்டிய நாளிலிருந்து மீட்டர் ரூமில் கப்பாசிட்டர் வெடித்துக்கொண்டே இருந்தது. எங்கள் சோக் அங்கே போனது. நான் சுற்றியது. மாட்டிய பிறகு அளந்து காட்ட சார் காரில் கிளம்பினார். கூட ஓர் ஆள் வேண்டும் என்றார். அந்த அபார்ட்மெண்ட் சங்கத்துச் செகரட்டரி பெரிய வேலையில் இருந்து ரிட்டயரானவர், இங்கிலீஷில் பேச ஆள் வேண்டும் என்று புஷ்பாவை முன்சீட்டில் உட்கார வைத்துக்கொண்டார். என் சோக் எப்படி ஓடுகிறது என்று பார்க்க அவள் போகிறாள். பெற்றவள் இங்கே, பள்ளிக்கூட விழாவுக்குப் பக்கத்து வீட்டுக்காரி.

சாயந்திரம் அவள் திரும்பும்போது டிகாஷன் வாசனையோடு வந்தாள். செகரட்டரி கும்பகோணத்துப் பக்கத்து மனிதராம். வாயைத் திறந்தால் தமிழ்தானாம். இங்கிலீஷ் ஒரு சொட்டுகூடத் தேவைப்படவில்லையாம். அதை என்னிடமே வந்து சிரித்துக்கொண்டு சொல்கிறாள். நான் கம்பியை இன்னும் கொஞ்சம் இழுத்துப் பிடித்தேன். மீட்டர் திரையில் சோக் இல்லாமல் அலை ஒட்டக முதுகு மாதிரி ரெண்டு திமிலோடு இருந்ததாம், சோக்கோடு உருண்டு வந்ததாம். சார் அதைக் காட்டிப் பெருமையாக விளக்கினாராம். செகரட்டரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டி, திரையைப் பார்த்து, லிஃப்டைப் பார்த்து, புஷ்பாவிடம் சொன்னாராம்: "முன்னாடியும் லிஃப்ட் மேலதான் போச்சு, இப்பவும் மேலதான் போறது. இதுல என்னம்மா மாறிடுத்து?"

ஓவன் மேல் டப்பா

சுற்றிய சோக்கை வார்னிஷில் முக்கி ஓவனில் சுட வைப்போம். அந்த ஓவனின் தலைமேல் சாப்பாட்டு டப்பாக்களை வைத்தால் மத்தியானம் வரை சூடாக இருக்கும். அதில் சுவரோரமான மூலைதான் நல்ல இடம், வார்னிஷ் புகை அங்கே வராது. அது என் மூலை. யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். ஒரு நாள் பார்த்தால் அங்கே புஷ்பாவின் மூன்றடுக்கு கேரியர். என் டப்பா புகைக்கு நேராகத் தள்ளப்பட்டிருக்கிறது. அவளைக் கேட்டதற்கு, கறிக்குழம்பு அக்கா, சூடா இருந்தாத்தான் நல்லா இருக்கும் என்றாள். அன்று எல்லோரும் அவள் கேரியரைச் சுற்றி உட்கார்ந்தார்கள். என் சாம்பாரை வார்னிஷ் போடும் முனியப்பா மட்டும் மரியாதைக்கு ஒரு கரண்டி ஊற்றிக்கொண்டார். எங்களிடம் மெக்கர் என்று ஒரு கருவி உண்டு. சோக்கில் எங்காவது கரண்ட் கசிகிறதா என்று பார்ப்பது. துளி உப்பு ஈரம் பட்டிருந்தாலும் ஃபெயில் என்று காட்டிவிடும். ஒரு வாய் வைத்துவிட்டு முனியப்பா சொன்னார்: "சரசக்கா, இந்த சாம்பாரை மெக்கர்ல வெச்சா பாஸாயிடும்."

சட்டை போட்டது

ஒரு நாள் டை கட்டிய ஓர் ஆள் பளபளவென்று ஒரு பெட்டியோடு வந்தார். சுவரில் மாட்டும் பெட்டி, முகத்தில் திரை. சோக் காலம் முடிந்தது என்றார். இந்தப் பெட்டி கோணல் கரண்ட் எவ்வளவு என்று தானே அளக்குமாம். அதற்கு எதிர்க்கோணல் ஒன்றைத் தானே செய்து அனுப்புமாம். ரெண்டும் மோதிச் சமமாகிவிடுமாம். விற்க எங்களையே ஏஜென்ட் ஆக்கலாம் என்று சாரிடம் பேச்சு. எல்லோரும் வேலையை விட்டுவிட்டு அதைச் சுற்றி நின்றார்கள். நேற்று வரை என் சோக்கைச் சாமான் என்றுதான் சொன்னார்கள், இதை சிஸ்டம் என்கிறார்கள். பெட்டியைப் பார்த்தும் பொறாமைப்படுவேன் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். புஷ்பா அவரிடம் இங்கிலீஷில் ஏதேதோ கேட்டாள். அவர் அவளுக்கு மட்டும் விசிட்டிங் கார்டு கொடுத்தார். எனக்கு ஒரு புன்னகை.

சார் உள்ளே திறந்து காட்டச் சொன்னார். மூடி கழன்றது. பச்சைப் பச்சையாக நிறைய அட்டைகள். அதற்கெல்லாம் கீழே, அடியில், சின்னதாக மூன்று காலோடு, செம்பு சுற்றி, வார்னிஷ் மினுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது ஒன்று. எனக்கு ஆளைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. நான் விரலை நீட்டிக் காட்டினேன். டைக்காரர் கொஞ்சம் தயங்கினார், பிறகு நல்ல மனுஷன், ஒப்புக்கொண்டார்: "உங்க சாமான்தாம்மா. இது இல்லாம இந்தப் பெட்டி வேலை செய்யாது. என்ன, சட்டை போட்டிருக்கு, அவ்ளோதான்."

மூன்று பட்டை

ஆயுத பூஜைக்கு எங்கள் ஊர்க் கம்பெனிகளில் லீவுக்கு முந்தின நாளே மத்தியானம் பூஜை போட்டுவிடுவார்கள். மெஷினெல்லாம் கழுவி, வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் உடைத்து, பொரியும் கடலையும் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்புவது வழக்கம். இந்த வருடம் ஒரு குடிநீர் பம்ப் ஹவுஸுக்குப் போக வேண்டிய பெரிய சோக்குகள் வரிசையாக நின்றன. லீவு முடிந்த பிறகு காண்ட்ராக்டரின் ஆள் வந்து சோதித்து எடுத்துப்போவதாகப் பேச்சு. புஷ்பா சந்தனக் கிண்ணத்தோடு அவற்றுக்கும் பொட்டு வைக்கக் கிளம்பினாள். சோக்கின் மேலே அகலமாக ஒரு வெள்ளை ஃபைபர் பலகை இருக்கும். அதிலிருந்து மூன்று செம்பு நாக்குகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், வயர் மாட்ட. அவள் அந்தப் பலகையில் நாக்குக்கு நாக்கு தொட்டு மூன்று பட்டை சந்தனம் தீட்டினாள். நடுவில் ஈரக் குங்குமம், அது வழிந்து கீழே இரும்பு வரை வந்தது. இரும்பில் வைத்தால் போதாதா என்று கேட்டேன். நெத்தி இருக்கும்போது காலில் வைப்பாங்களா என்று திருப்பிக் கேட்டாள். பார்த்தால் நெற்றி மாதிரிதான் இருந்தது. நானும் வாயை மூடிக்கொண்டேன்.

பூசணிக்காய் உடைத்த கையோடு காண்ட்ராக்டரின் ஆள் வந்து நிற்கிறார். ஓசூர்க்காரர். லீவுக்கு ஊருக்குப் போகிறாராம், போகிற வழியில் சோதித்துவிடலாம் என்று வந்தாராம். மெக்கரை எடுத்து முதல் சோக்கில் வைத்தார். எண் ஏறவில்லை, எங்கோ கசிகிறது என்று அர்த்தம். அடுத்ததில் வைத்தார். ஏறவில்லை. யார் சுற்றியது என்று இரும்பில் பெயரின் முதல் எழுத்தைப் பெயிண்டில் போட்டிருப்போம். முன்வரிசை எல்லாம் 'ச'. சார் என்னைப் பார்த்தார். சுழலும் நாற்காலி என் கண்ணெதிரே கதவைத் திறந்துகொண்டு தெருவுக்குப் போவது போல இருந்தது. என் கம்பியில் எங்கே தோல் உரிந்தது, எந்தச் சுற்றில் தவறினேன் என்று நெஞ்சுக்குள்ளேயே ஒவ்வொரு சோக்கையும் அவிழ்க்க ஆரம்பித்துவிட்டேன்.

அப்போது புஷ்பா குனிந்து பார்த்தாள். ஒரு நிமிஷம் சார் என்றாள். துணியில் தின்னரைத் தொட்டுச் சந்தனத்தைத் துடைத்தாள். குங்குமம் வழிந்த கோட்டை இரும்பு வரை துடைத்தாள். ஹீட் கன் எடுத்து ஈரம் போகக் காய்ச்சினாள். இப்போது வையுங்கள் என்றாள். எண் ஏறியது, ஏறியது, கருவி காட்டுகிற மட்டும் ஏறியது. ஈரச் சந்தனத்தின் வழியாகத்தான் இவ்வளவு நேரமும் கசிந்திருக்கிறது. என் கம்பியில் ஒரு குறையும் இல்லை. எனக்கு அழுகை வந்தது. ஆனால் நிம்மதியால் வந்த அழுகை அரை நிமிடம்கூட நிற்கவில்லை. பூசியவள் அவள், துடைத்தவள் அவள், சுற்றி நின்றவர்களிடம் கைதட்டல் வாங்குகிறவளும் அவளே. பூசியது யார் என்று ஒருத்தர் கேட்கவில்லை. பூஜை நாளில் அதை எடுத்துச் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. ஓசூர்க்காரர் கை நிறையப் பொரியை வாங்கிக்கொண்டு சாரிடம் சொன்னார்: "சுத்தினவங்களுக்கே தெரியல, இந்தம்மா கண்டுபிடிச்சிட்டாங்க பாருங்க. இவங்களை டெஸ்டிங்ல போடுங்க சார்."

என் மெஷின்

போட்டுவிட்டார். லீவு முடிந்து வந்த காலையில் புஷ்பா கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தாள். நான் நேராகச் சாரிடம் போனேன். எனக்கு என்ன குறைச்சல், தோள் போய்விட்டது என்று உங்களுக்கே தெரியும், முன்னால் வந்தவளும் நான்தானே என்று கேட்டேன். சார் கன்னடக்காரர், கோபமே வராத மனிதர். நாற்காலி போட்டு உட்காரச் சொல்லிவிட்டுச் சொன்னார்: "நோடி சரசம்மா, பாருங்க, புஷ்பா சுத்தினது அப்பப்போ திரும்பி வருது. நீங்க சுத்தினது வரதே இல்ல. அப்ப நான் யாரை எழுப்பி அங்க அனுப்பறது, நீங்களே சொல்லுங்க."

தோளுக்காக அவர் ஒன்று செய்தார். கையால் சுற்றும் மெஷினை எடுத்துவிட்டு மோட்டார் வைத்த மெஷின் வாங்கிப் போட்டார். கால் மிதியை அழுத்தினால் டிரைவ் மெதுவாக ஓட்டும், கம்பியைக் காட்டினால் போதும். தோளுக்கு உண்மையிலேயே சுகம்தான், பொய் சொல்லக் கூடாது. ஆனால் மெஷின் வந்த மறுநாளே புஷ்பா அறையிலிருந்து புகார் வந்தது. நான் மிதித்தால் அவள் மேசையில் எண்கள் ஆடுகின்றனவாம். திரையில் அலை கோணுகிறதாம். என் மெஷினுக்கும் அவள் மேசைக்கும் ஒரே லைன். ஊருக்கெல்லாம் சோக் மாட்டுகிற கம்பெனி, சொந்த டிரைவுக்கு முன்னால் ஒன்று மாட்டவில்லை. சின்ன மோட்டார்தானே என்று சார் விட்டுவிட்டாராம். இதைக் கேட்ட பிறகு நான் வேலையை ஒன்றும் கூட்டவில்லை. அவள் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தது கண்ணாடி வழியாகத் தெரிந்தால் அந்த நேரம் பார்த்து மிதித்தேன், அவ்வளவுதான். அவள் நிமிர்வாள். நான் கம்பியைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

கடைசியில் சார் அந்த டிரைவுக்கும் ஒரு சோக் போடச் சொன்னார். வேறு யார் சுற்றுவது? நானே சுற்றினேன், முனியப்பா மாட்டினார். புஷ்பா கதவைத் திறந்து என்னை உள்ளே கூப்பிட்டாள். அவள் எழுந்து நாற்காலியைத் தள்ளினாள், நான் உட்கார்ந்தேன். வெளியே முனியப்பா மிதித்தார். முதலில் சோக்கைத் தாண்டி நேராகக் கரண்ட் விட்டுக் காட்டினாள். அலை பல் போன சீப்பு மாதிரி இருந்தது. பிறகு சோக் வழியாக விட்டாள். பற்கள் மழுங்கின, உச்சி தணிந்தது, ஓரங்கள் உருண்டன. முழுசாக உருளவில்லை, முழுசாக எந்தச் சோக்கும் உருட்டாது. ஆனால் அது என் கை செய்தது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். இதை இவள் தினமும் பார்க்கப்போகிறாள், நாள் முழுக்க, உட்கார்ந்துகொண்டே, என்று நினைத்ததும் பழைய எரிச்சல் தவறாமல் வந்து சேர்ந்தது. எழுந்துகொள்ள மனமில்லாமல் எழுந்தேன். புஷ்பா தன் நாற்காலியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டே சொன்னாள்: "பாத்தியாக்கா, இனிமே உனக்கு என் மேல கோபம்னா வாயாலதான் திட்டணும். மெஷினை விட்டுத் திட்ட முடியாது."

நன்றாக வேலை தெரிந்தவளுக்கு எங்கள் தொழிலில் கிடைக்கிற பதவி உயர்வு, அதே வேலை இன்னும் கொஞ்சம்.